யூக்ளிஷ்: காதுக்கு நல்ல பயிற்சி

ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கு அகராதியின் ஒற்றைக் குரல் போதாது. யூக்ளிஷ் (YouGlish) என்ற இணையதளத்தில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து தேடினால், யூடியூப் வீடியோக்களில் அது பேசப்படும் இடத்திலிருந்தே ஓடும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பைத் தனித்தனியே கேட்கலாம், வேகத்தையும் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் குரல் இழுபட்டு அசையழுத்தம் மங்கிவிடும், முக்கால் வேகமே போதும்.

சிக்கல் 'ரெக்கார்ட்' போன்ற சொற்களில்தான். பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முதல் அசையில், வினையானால் இரண்டாவதில். தனிச்சொல்லாகத் தேடினால் இரண்டும் கலந்து வந்து பிள்ளை குழம்பும். 'எ ரெக்கார்ட்', 'டு ரெக்கார்ட்' என்று சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

வகுப்பில் காட்டுமுன் நாலைந்து துண்டுகளை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பேச்சு எதைப் பற்றியும் இருக்கலாம். பொருள் தெரிய வேண்டுமா? அதற்கு அகராதிதான்.