ஆயிரம் தடவை ‘டைப் ஐ’: எஃப்டிபிலிப்போடு ஆறு வருஷம்

போன வாரம் பழைய நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். “மச்சான், எஃப்டிபி வேலை ஒண்ணு வந்திருக்கு. பைத்தான் கூடவே வர்ற எஃப்டிபிலிப் போதுமா, வேற எதாவது போடணுமாடா?” (எஃப்டிபி என்பது நெட்வொர்க் வழியாக ஃபைல்களை அனுப்பவும் வாங்கவும் ஒரு பழைய முறை; எஃப்டிபிலிப் அதற்காகப் பைத்தான் மொழியோடு வரும் நூலகம்.) ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அதே எஃப்டிபிலிப்பை ரிப்பேர் பார்த்து முடித்திருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே.

என் வேலை எளிது. நான் கோவையில், சர்வர் அமெரிக்காவில். ராத்திரி 38 ஃபோல்டரிலிருந்து சுமார் 1,140 சின்ன ஜீஜிப் (சுருக்கிய) ஃபைல்களை இறக்க வேண்டும். ஆறு வருஷத்தில் எஃப்டிபிலிப் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. தனியாக இன்ஸ்டால் பண்ண வேண்டாம், வெர்ஷன் மாறினாலும் பழைய கோடு ஓடும். குறை சொல்ல மனசு வராது.

டீபக் லெவலைப் போட்டு, சர்வரோடு நடக்கும் பேச்சைப் பார்க்கும் வரைக்கும். டைப் ஐ (‘பைனரியாக, பைட் மாறாமல் அனுப்பு’), 200. பாஸ்வ் (‘டேட்டாவுக்குத் தனி கனெக்‌ஷன் கொடு’), 227. ரெட்ர் (‘ஃபைலைக் கொடு’), 150, 226. எண்களெல்லாம் சர்வரின் பதில்கள். அடுத்த ஃபைல்: மறுபடி டைப் ஐ, 200. அதற்கடுத்ததற்கும் டைப் ஐ. இது பைனரி என்று ஒரு தடவை சொன்னால் சர்வருக்குப் புரியாதா? ஃபைலை இறக்கும் ரெட்ர்பைனரி என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. எனக்கு ஒரு போய்வரவுக்கு 240 மில்லிசெகண்ட். 1,140 தடவை என்றால் நாலரை நிமிஷம், தெரிந்த விஷயத்தைத் திரும்பச் சொல்வதற்கு மட்டும். இது போதாதென்று, ஒவ்வொரு ஃபைலுக்கும் சைஸ் கேட்டுச் சரிபார்க்கும் வழக்கத்தை நானே வைத்திருந்தேன். மொத்த வேலையும் முடிய 23 நிமிஷம்.

பாஸ்வைத் தவிர்க்க முடியாது, அதில் கோபமில்லை. சாதாரண ஸ்ட்ரீம் முறையில் ஃபைல் முடிந்தது என்பதையே டேட்டா கனெக்‌ஷனை மூடித்தான் சர்வர் சொல்கிறது. அடுத்த ஃபைலுக்குப் புதுசாகத் திறந்துதான் ஆக வேண்டும்.

சரி என்று, எஃப்டிபிலிப்பில் வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஒரு சப்கிளாஸ் எழுதினேன். ரெட்ர்பைனரி அந்த டைப் ஐயை வாய்ட்சிஎம்டி என்ற உள் ஃபங்ஷன் வழியாக அனுப்புகிறது. அதைப் பிடித்து, போன தடவை அனுப்பிய அதே டைப் என்றால் அனுப்பாமல் 200 என்று திருப்பிக் கொடுத்தேன். சைஸ் சரிபார்ப்பையும் தூக்கினேன். என் மெஷினில் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரை வைத்து டெஸ்ட் பண்ணினேன், எல்லாம் ஜோர். அன்று ராத்திரி 14 நிமிஷத்தில் முடிந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் முதல் ஃபோல்டரைத் தவிர எதுவும் திறக்கவில்லை.

ஒரு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சர்வரில் 18,432 பைட், என்னிடம் 18,501. உள்ளே 0ஏ பைட் (வரி முடிவுக் குறி) வரும் இடத்திலெல்லாம் முன்னால் ஒரு 0டி பைட் ஒட்டியிருந்தது. ஆஸ்கி மோடில், அதாவது வரி முடிவுகளை மாற்றி அனுப்பும் டெக்ஸ்ட் முறையில் வந்திருக்கிறது. எப்படி என்று எஃப்டிபிலிப்பின் சோர்ஸைத் திறந்தால், ஃபைல் பட்டியல் எடுக்கும் என்எல்எஸ்டி உள்ளே ரெட்ர்லைன்ஸைக் கூப்பிடுகிறது. அது டைப் ஏவை (‘ஆஸ்கியாக அனுப்பு’) அனுப்புவது வாய்ட்சிஎம்டியில் இல்லை, சென்ட்சிஎம்டி என்ற இன்னொரு ஃபங்ஷனில். என் காவல்காரன் ஒரு வாசலில் நிற்க, டைப் ஏ அடுத்த வாசல் வழியாகப் போய்விட்டது. இரண்டாவது ஃபோல்டரிலிருந்து நான் பைனரி என்று நினைத்துக்கொண்டிருக்க, சர்வர் ஆஸ்கியில் இருந்தது. டெஸ்டில் மாட்டாததற்கும் காரணம் உண்டு: விஎஸ்எஃப்டிபிடி வழக்கமான செட்டிங்கில் ஆஸ்கிக்குத் தலையாட்டிவிட்டு பைனரியாகவே அனுப்பும். காட்டிக் கொடுத்திருக்கக்கூடிய சைஸையும் நானே வெட்டியிருந்தேன்.

ஆக, எஃப்டிபிலிப் லூசுத்தனமாகச் சொன்னதையே சொல்லவில்லை. எந்த நிலையையும் நினைவில் வைக்காததால்தான் ஆறு வருஷம் தப்பே வராமல் ஓடியிருக்கிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு காபி தேவைப்பட்டது.

இப்போது இரண்டு வாசலிலும் பிடிக்கிறேன்; கனெக்ட் ஆகும்போதெல்லாம் நினைவை அழிக்கிறேன், ஏனென்றால் 1985-ன் ஆர்எஃப்சி 959 (எஃப்டிபியின் விதிமுறை ஆவணம்) படி புது செஷன் ஆஸ்கியில்தான் தொடங்கும். என்எல்எஸ்டிக்குப் பதில் எம்எல்எஸ்டி போட்டதால் எல்லா ஃபைலின் அளவும் பட்டியலோடு ஒரே தடவையில் வந்துவிடுகிறது. சரிபார்ப்பு திரும்ப வந்தது, நேரம் அதே 14 நிமிஷம்.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? “பைகர்ல் போட்டுக்கோ.” அது இன்னொரு பைத்தான் நூலகம். அதன் அடியில் இருக்கும் லிப்கர்ல் கடைசி டைப், கடைசி ஃபோல்டர் இரண்டையும் தானே ஞாபகம் வைத்து, தேவையில்லாததை விட்டுவிடும். ஒன்றே ஒன்று: நாம் எதுவும் சொல்லாவிட்டால் பாதையிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சிடபிள்யூடி (ஃபோல்டர் மாற்றும் கட்டளை) போட்டு இறங்கும், யூஆர்எல்களுக்கான 1994-ன் ஆர்எஃப்சி 1738 சொல்கிறபடி. ஃபைல் மெத்தட் என்ற செட்டிங்கை நோசிடபிள்யூடி என்று மாற்றிவிட்டால் அதுவும் போச்சு.

“அப்ப நீயும் மாத்திட்டியா?”

இல்லை. 22 வரி எழுதி, ஒரு ராத்திரி டேட்டாவைத் தொலைத்து, சரி பண்ணி வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி?