"இது மட்டை பொறுக்குமா தம்பி?" – கல்குடாவில வயர் இல்லாத புல்லு வெட்டுற ரோபோ, எட்டு மாசம் பாவிச்ச கதை

பெட்டிய உடைச்சு மெசின வெளிய எடுத்து வச்சதும், எங்கட வளவில பத்து வருசமா புல்லு வெட்டுற அண்ணன் வந்து அத சுத்திச் சுத்திப் பாத்திட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான், "தம்பி, இது மட்டை பொறுக்குமா?" விழுற தென்னை மட்டையத்தான் சொன்னார். நான் சிரிச்சிட்டு விட்டுட்டன். சிரிச்சிருக்கக் கூடாது.

அக்காவும் அத்தானும் சுவிஸில, அவங்கட கெஸ்ட் ஹவுஸ இஞ்ச இலங்கையில, மட்டக்களப்புப் பக்கம் கல்குடாவில பாக்கிறது நான். ஆறு ரூம், ஒரு ஏக்கர் வளவு. கடல் பக்கம் பாதி வெட்டவெளி, மணலுக்கு மேல செம்மண் கொட்டி மலேசியன் புல்லு பதிச்சது. பின்பக்கம் பாதி தென்னை. அத்தான் அங்க பக்கத்து வீட்டுக்காரன்ட தோட்டத்தில ரோபோ ஒண்டு தானா ஓடி புல்லு வெட்டுறதப் பாத்து ஆசப்பட்டு, "மச்சான், இனி உனக்குப் பெற்றோல் கரச்சல் இல்ல" எண்டு சொல்லி சாமானோட சாமானா கப்பல்ல போட்டு விட்டுட்டார். 2022-ல பெற்றோல் கியூவில நிண்ட காலம் மிசின் ஓட்ட வழியில்லாம புல்லு முழங்காலுக்கு வந்து, வெளிநாட்டுக்காரர் ரெண்டு பேர் அதுக்குள்ள பாம்பு தேடினத நான் அவருக்குச் சொல்லி இருந்தன், அதத்தான் மனசில வச்சிருக்கார் போல.

மெசின்ட பேர் சொல்லல, ஏன் எண்டு கடைசிக்குக் கிட்ட விளங்கும். இந்த வகை மெசினுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வேல செய்யுது, அதால நான் சொல்றது மற்றதுகளுக்கும் பொருந்தும்.

முதல்ல இந்த "வயர் இல்ல" எண்ட கதை. ரோபோ புல்லு வெட்டி புதுச் சாமான் இல்ல, ஹஸ்க்வர்னா கொம்பனி 1995-லயே சோலார்ல ஓடுற ஒண்டு விட்டது. அதுக்குப் புறகு வந்த பழைய வகைகளுக்கு வளவச் சுத்தி எல்லையில வயர் தாக்கணும், அந்த வயர்ல போற சிக்னலப் பிடிச்சுத்தான் மெசின் கிறுகும். ஒரு ஏக்கர் நல்ல சதுரமா இருந்தாலே சுத்திவர 250 மீட்டருக்கு மேல வரும், இடையில பூப்பாத்தி, கிணறு, பாதை எண்டு இருந்தா அதுகளயும் சுத்தணும். எங்கட வளவில அது ரெண்டு மாசம் தாங்காது. ஒருத்தர் வாழைக்குக் கிடங்கு வெட்டுவார், இன்னொருத்தர் தண்ணிப் பைப் தாக்க மண்வெட்டி போடுவார், மிச்சத்த எலி பாத்துக்கொள்ளும்.

எங்கட மாதிரி வயர் இல்லாதது வானத்தப் பாத்து ஓடுது. போன்ல இருக்கிற ஜிபிஎஸ் ரெண்டு மூண்டு மீட்டர் பிழைக்கும், அத நம்பி புல்லு வெட்டினா மெசின் நேரா கடலுக்குப் போயிரும். அதுக்குத்தான் ஆர்டிகே எண்ட முறை. ஒரு அன்டனாவ அசையாத இடத்தில நட்டு வைக்கணும். அதுவும் மெசினும் ஒரே சட்டலைட்டுகளத்தான் பாக்குது, வானத்தில வாற பிழை ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் வரும், அன்டனா தான் அசையல எண்டு தெரிஞ்சதால "இப்ப இவ்வளவு பிழைக்குது" எண்டு கணக்குப் பாத்து மெசினுக்கு ரேடியோவால சொல்லும். மெசின் அதக் கழிச்சுப் போட்டு ரெண்டு மூண்டு சென்டிமீட்டருக்குள்ள தன்ட இடத்தக் கண்டுபிடிக்கும். கேக்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனா வெட்டவெளியில உண்மையாவே அப்படித்தான் ஓடுது. நூல் பிடிச்ச மாதிரி கோடு கோடா வெட்டி வச்சிருக்கிறத மேல் மாடியில நிண்டு பாத்தா கிரிக்கெட் கிரவுண்ட் மாதிரி கிடக்கும். வந்து தங்கிறவங்க அதப் படமெடுத்துப் போடுறாங்க, புல்லத்தான், கடல இல்ல.

செட் பண்றது பெரிய வேலை இல்ல. அன்டனாவ தண்ணித் தாங்கிக்கு மேல கட்டினன். மறுகா போன வச்சு மெசின விளையாட்டுக் கார் மாதிரி எல்லையோரமா ஓட்டிக் காட்டணும், அது வரைபடம் கீறிக்கொள்ளும். என்ட மகள் அத ஓட்டித் தந்தா, ஒண்டரை மணித்தியாலம். போன்ல இருக்கிற அப் கணக்குப் போட்டு 1870 சதுர மீட்டர் எண்டு காட்டிச்சு, எங்கட கணக்குக்கு 74 பேர்ச். ஒண்டு மட்டும், புல்லு உயரமா இருந்தா இது வெட்டாது. முதல் தரம் அந்த அண்ணனக் கூப்பிட்டு அவர்ர மிசினால ஒட்ட வெட்டி விட்டுத்தான் ரோபோவ இறக்கினம். அவர்ர முகத்தில ஒரு சிரிப்பு.

சத்தம் இல்லாததுதான் எனக்கு முதல் லாபம். பெற்றோல் மிசின் வெள்ளன ஆறு மணிக்குப் போட்டா ஆறு ரூமும் எழும்பிரும், பத்து மணிக்குப் போட்டா வெயில்ல ஆள் விழுந்துருவார். இது ஜன்னலுக்குக் கீழால போனா சீலிங் ஃபேன் சத்தம் அவ்வளவுதான். அடியில வட்டத்தட்டு, அதில சவர பிளேட் மாதிரி சின்னச் சின்ன பிளேட்டுகள் தொங்குது, கல்லில பட்டா உடையாம மடங்கும். ஒவ்வொரு நாளும் நுனிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறதால அள்ளிக் கொட்ட ஒண்டும் இல்ல, விழுந்தது அங்கயே காஞ்சு பசளையாப் போயிருது. புல்லு உண்மையா அடர்த்தியா வந்திருக்கு, இதில ஒரு குறையும் சொல்ல ஏலா.

சரி, தென்னைக்கு வருவம்.

பின்பக்கம் இது படுற பாட்ட நீங்க பாக்கணும். தென்னை ஓலை வானத்த மறைக்குது, சட்டலைட் சிக்னல் ஓலையில மரத்தில பட்டுத் தெறிச்சு வளைஞ்சு வருது, மெசினுக்குத் தான் எங்க நிக்கிறன் எண்டு குழம்பிருது. கமரா இருக்கிறதால கொஞ்ச தூரம் கமராவ நம்பி ஓடும், மூண்டாவது நாலாவது மரத்தடியில நிண்டு போன்ல "சிக்னல் பலவீனம்" எண்டு அழும். நான் சறத்தத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்த் தூக்கி வெளிய விடணும், கன்றுக்குட்டி மாதிரி. ஒரு நாளைக்கு அஞ்சு தரம். கடைசியா பின்வளவ வரைபடத்தில இருந்தே அழிச்சிட்டன். மா, பலா வளவெண்டா இன்னும் மோசமா இருக்கும்.

அதோட மட்டை. ஓலை மட்டைய இது தடையெண்டு கண்டுபிடிச்சு அழகா சுத்திப் போகும், கெட்டித்தனந்தான், ஆனா மட்டை எடுக்கிற வரைக்கும் அந்த இடத்தில புல்லு தாடி மாதிரி வளந்து நிக்கும். பாளையும் அப்படித்தான். குரும்பட்டி, அதான் பிஞ்சுத் தேங்காய், அதவிட மோசம், சின்னனா இருக்கிறதால கமரா கணக்கெடுக்குறதில்ல, அடியில போய் கடகடவெண்டு உருண்டு தட்ட இறுக்கிரும். ஒரு நாள் கவிட்டுப் பாத்தா ரெண்டு குரும்பட்டியும் ஒரு பன்னாடையும் உள்ளுக்க, பிளேட் மூண்டும் மொட்டை. ஆக, ஒவ்வொரு நாள் காலமையும் ஆராவது ஒரு ஆள் வளவில நடந்து பொறுக்கணும். அந்த அண்ணன்தான் பொறுக்கிறார். புல்லு வெட்ட வந்த மனுசன் இப்ப ரோபோவுக்கு முன்னால போய் பாதை துப்பரவாக்கிக் குடுக்கிறார், மந்திரிமாருக்குப் போறமாதிரி.

மாடு. இஞ்ச கட்டாக்காலி மாடு வராத வளவு இல்ல. முதல் நாள் சிவப்பு மாடொண்டு வந்து மெசினுக்கு நேர நிண்டிச்சு. மெசின் ஒரு அடி தள்ளி நிண்டு, பின்னுக்கு வந்து, கிறுகிப் போச்சு. மாடு தலையச் சரிச்சுக் கொண்டு பின்னாலயே போய் மூக்கால மணந்து பாத்திட்டு மெசின் வெட்டின கோட்டுக்குப் பக்கத்துக் கோட்டில மேய வெளிக்கிட்டுது. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில வேல செஞ்சதப் பாத்து நான் வயித்தப் பிடிச்சுச் சிரிச்சன். ஆனா சாணம் பெரிய பிரச்சினை, அது மேல ஏறி சில்லு முழுக்க அப்பிக்கொண்டு எல்லா இடமும் கோடு போட்டு வச்சிரும், மறுகா சில்லுக் காடி அடைஞ்சு வழுக்கும். பைப்பால அடிச்சுக் கழுவலாம், அது நல்லது.

மே மாசத்தில கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, தொடங்கிச்சு. இது நான் விட்ட பிழை, மெசின்ட இல்ல. அன்டனாவ ஜீஐ பைப்பில கட்டி தாங்கியோட கம்பியால வரிஞ்சு விட்டிருந்தன். கச்சான் ஆட்டி ஆட்டி பைப் ஒரு முழம் சரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. அன்டனா ஒரு முழம் நகந்தா முழு வரைபடமும் ஒரு முழம் நகரும். பின்னேரம் வந்து பாக்கிறன், நித்தியகல்யாணிப் பாத்தியில ஒரு வரிசை சவரம் எடுத்த மாதிரி கிடக்கு. அக்கா வீடியோ கோல்ல பாத்திட்டு ரெண்டு நாள் என்னோட கதைக்கல. அடுத்த நாளே கொங்கிரீட் போட்டு நட்டாச்சு, நீங்க முதலிலயே போடுங்க.

இரவில ஓட விடாதீங்க. ரெண்டு காரணம். ஜெர்மனியில சில ஊர்கள்ள முள்ளெலி வெட்டுப்படுது எண்டு இரவில இந்த மெசின் ஓட்டத் தடை போட்டிருக்காங்க. எங்கட பக்கம் முள்ளெலிக்குப் பதிலா தவளையும் தேரையும் இருக்கு, கமராவுக்கு இருட்டில அதுகள் எங்க தெரியும்? மற்றது வானம். நாங்க இருக்கிற இடம் பூமிட காந்த மத்திய ரேகைக்குக் கிட்ட, பொழுதுபட்ட புறகு மேல் வானத்து மின் அடுக்கு கலங்கி சட்டலைட் சிக்னல் மினுமினுக்கும். கேரளாவில தும்பாவில 1963-ல ரொக்கட் விட இடம் பாத்ததும் இந்தக் காந்த ரேகைக்காகத்தான். ஐரோப்பாக்காரனுக்கு இவ்வளவு இந்தப் பிரச்சினை இல்ல. எங்கட மெசின் சில நாள் இரவு ஏழரைக்குப் புறகு வெட்டவெளியிலயே நிண்டு தடுமாறினதுக்கு இதுதான் காரணம் எண்டு எனக்கு ஒரு எண்ணம், பகல்ல அந்த இடத்தில ஒரு நாளும் நிண்டதில்ல.

மழையும் ஒரு கணக்கு. கச்சான் காலத்தில தண்ணி விடாட்டி புல்லு காஞ்சு போயிரும், வெட்ட ஒண்டும் இருக்காது. மாரியில புல்லு அள்ளு கொள்ளையா வளரும், ஆனா மழை சென்சர் நனைஞ்சதும் மெசின் வீட்ட ஓடிரும், ஈரப்புல்லு அடியில களி மாதிரி அப்பும். சாதாரண வீட்டு வளவுக்கு உண்மையா பாத்தா வருசத்தில அஞ்சாறு மாசந்தான் இதுக்கு வேலை. எங்களுக்கு ஆக்கள் வாற சீசன் ஏப்ரல் மேயில இருந்து செப்டம்பர் மட்டும், அந்த நேரம் கிணத்துத் தண்ணி விட்டு புல்ல பச்சையா வச்சிருக்கிறம், அதால எங்களுக்குச் சரியா வந்திச்சு.

ஒக்டோபர்ல பின்னேரத்து இடி. அன்டனா உயரத்தில நிக்குது, பிளக்கக் கழட்ட மறந்தன், அடப்டர் போச்சு. கொம்பனிக்கு மெயில் போட்டன். வாங்கின நாட்டிலதான் வாரண்டி, சிறிலங்காவுக்கு பாட்ஸ் அனுப்புறதில்ல எண்டு பதில் வந்திச்சு, அதுவும் மூண்டு கிழமை கழிச்சு. பேர் சொல்லாததுக்கு இதுதான் காரணம், சண்டைக்குப் போற வயசு இல்ல. வாழைச்சேனையில ரேடியோ திருத்துற தம்பி ஒராள் வோல்ட் பாத்து வேற அடப்டர் போட்டுத் தந்தார், இப்ப ஓடுது. உப்புக்காத்துக்கு சார்ஜ் ஏத்துற தகடு கிழமைக்கு ஒருக்கா பச்சை பிடிக்கும், மண்தாள் போட்டுத் தேய்க்கணும். அங்க ஐரோப்பாவில அன்டனா கூட இல்லாம இன்டர்நெட்டால அந்தத் திருத்தத்த வாங்கலாமாம், என்ட மெசினுக்கு இஞ்ச அது வேல செய்யல.

காசு. அத்தான் குடுத்தது 2000 பிராங்குக்குக் கொஞ்சம் மேல, எங்கட காசுக்கு 7 லட்சம் தாண்டும். அண்ணனுக்கு மாசம் மூண்டு தரம் 5000 படி 15000 ரூபா குடுத்தன், பெற்றோல் வேற. அந்தக் கணக்குக்கே முதல் எடுக்க நாலு வருசம், அதுவும் அவர நிப்பாட்டினாத்தான். நிப்பாட்டல, பொறுக்க ஆள் வேணுமே, பின்வளவு தென்னையடியும் அவர்ர மிசின்தான்.

பாசிக்குடாப் பக்கம் ஹொட்டேல் வச்சிருக்கிற ஒருத்தர் போன கிழமை வந்து பாத்திட்டு வாங்கட்டா எண்டு கேட்டார். உங்கட புல்லில நடுவில நிண்டு அண்ணாந்து பாருங்க, சுத்திவர வானம் தெரிஞ்சா வாங்குங்க, ஓலை தெரிஞ்சா வேணாம் எண்டன். வாங்கிறதெண்டா லைடார் போட்டது கேளுங்க, அது வானத்தப் பாக்காம சுத்தியிருக்கிற சுவர் மரத்த லேசரால அளந்து ஓடுது, மரத்தடிக்கு அது தோதா இருக்கும். ஆனா அதுக்கு அளக்க சுத்திவர ஏதாவது இருக்கணும், வெறும் வெளியில தடுமாறும். பாட்ஸ் இஞ்ச எடுக்கலாமா எண்டதையும் முதல்லயே கேட்டு வச்சிருங்க.

நாளைக்கு மழை விட்டா தேங்காய் பறிக்கிற ஆள் வாறார். போன முறை ஒரு காய் முன்வளவு மட்டும் உருண்டு வந்து மெசின்ட மூடிய வெடிக்கப் பண்ணிப் போட்டுது, அண்ணன் டேப் ஒட்டித் தந்தார். அதால இன்டைக்கே கொண்டுபோய் குசினிக்குப் பின்னால விடச் சொல்லி இருக்கிறன். "கயிறு போடவா தம்பி?" எண்டு கேக்கிறார்.