பழைய பத்மினியின் தகட்டு மூட்டுகளுக்கு எந்தச் சீம் சீலர்? நான்கு வகைகளைப் பயன்படுத்திய அனுபவம்

1978ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி ஒன்றைக் கோவையில் இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் புதுப்பித்து வருகிறேன். எஞ்சினும் கியர் பாக்ஸும் முதல் ஆறு மாதங்களிலேயே முடிந்துவிட்டன. மீதிக் காலம் முழுவதையும் பாடி எடுத்துக்கொண்டது. அதிலும், தகடும் தகடும் சேரும் மூட்டுகளை அடைக்கும் சீம் சீலரைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் செலவிட்ட நேரம், வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிட்டதைவிட அதிகம். நான்கு வகைச் சீலர்களை ஒரே காரின் வெவ்வேறு இடங்களில் பயன்படுத்தி, ஒரு முழு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பத்மினிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஃபியட் 1100 வழிவந்த இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடு, பக்கவாட்டு ரன்னிங் போர்டு, எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு, சக்கரக் குடைவு ஆகிய எல்லாம் ஸ்பாட் வெல்டிங்கால் ஒன்றோடொன்று சேர்ந்துதான் வண்டியின் எலும்புக்கூடாக நிற்கின்றன. ஸ்பாட் வெல்டிங் என்பது புள்ளி புள்ளியாகப் பிடிக்கும் பற்று. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி எப்போதும் இருக்கும். அந்த இடைவெளி தண்ணீரை நுண்துளை ஈர்ப்பால் உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாததால் அது எளிதில் காயாது. துரு அங்கேதான் பிறக்கிறது, வெளியே தெரியும்போது தகடு பாதி போயிருக்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு, பாடியின் பெரும் பகுதிகள் போல்ட்டால் பூட்டப்பட்டவை. பின்னாளில் கழற்ற வேண்டிய அந்த மூட்டுகளில் ஒட்டிப் பிடிக்கும் சீலரைப் போடாமல், ரப்பர் பட்டையோ இறுகாத பியூட்டைல் நாடாவோ வைப்பதே முறை.

என் காரை முன்பு எந்தப் பட்டறையில் வேலை பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தரைவிரிப்பைக் கிழித்தபோது அவர்கள் செய்த வேலை முழுவதும் வெளிப்பட்டது. ஓட்டுநர் காலடியில் துருவின் மேலேயே தார், ரன்னிங் போர்டு மூட்டில் பாலியஸ்டர் பட்டி, டிக்கி மூலையில் குளியலறைக்குப் போடும் சிலிக்கான். பட்டி கெட்டியாகிவிடும் பொருள். பாடி முறுக்கும்போது வளைந்து கொடுக்காமல் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிலிக்கான் அதைவிடக் கெடுதல். அதன் மீது எந்தப் பெயிண்டும் பிடிக்காது என்பது ஒரு பக்கம் இருக்க, சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சும் படலம் புதிய பெயிண்டில் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். அந்த ஒரு மூலையைச் சுத்தப்படுத்த எனக்கு மூன்று நாட்கள் ஆயின.

ஆகவே எந்தச் சீலரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பேச வேண்டும். பழைய சீலரை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி, கம்பி பிரஷ் சக்கரத்தால் தகட்டின் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தேன். இரண்டு தகடுகளுக்கு நடுவில் துரு ஏறி அவை பிதுங்கியிருந்த இடங்களில், வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுப் பிரித்து, உள்முகங்களைத் துப்புரவு செய்து, துத்தநாகம் கலந்த, மேலேயே வெல்டிங் செய்யக்கூடிய வெல்டு-த்ரூ பிரைமர் பூசி மறுபடி இணைத்தேன். இதைச் செய்யாமல் மேலே எவ்வளவு உயர்ந்த சீலரைப் பூசினாலும், ஈரத்தைத் துருவோடு சேர்த்து உள்ளே பூட்டி வைப்பதாகத்தான் முடியும். பிறகு, இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் இரு கூறு எபாக்சி பிரைமர். அது குறிப்பிட்ட நேரம் காய்ந்ததும், மூட்டின் மேல் மட்டும் ஸ்காட்ச்-பிரைட் கொண்டு லேசாகத் தேய்த்து, தூசு துடைத்து, அதன் மேல் சீலர். ரெட் ஆக்சைடு என்ற சாதாரண பிரைமரைப் பூசிவிட்டுச் சீலர் போடுவது நம் பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. சீலரின் பிடிப்பு அடியில் உள்ள பூச்சின் பிடிப்பைத் தாண்டிப் போக முடியாது என்பதால் அதை நான் ஏற்கவில்லை.

முதலில் பயன்படுத்தியது டின்னில் வரும், பிரஷ்ஷால் பூசும் கரைப்பான் கலந்த ரப்பர் வகைச் சீலர். விலை மலிவு, கை பழக்கம் தேவையில்லை, சிறிய பட்டறைகளிலும் கிடைக்கும். ஆனால் கரைப்பான் ஆவியாகும்போது பொருள் சுருங்குகிறது; தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே நிற்கும். டேஷ்போர்டுக்கு அடியில், வெளிக்காற்றும் வெயிலும் படாத மெல்லிய மூட்டுகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டேன். சக்கரக் குடைவில் சோதனைக்காகப் பூசிய ஒரு சாண் நீளம், ஒரு கோடை கடந்ததும் விளிம்பில் மயிரிழைக் கோடு விட்டிருந்தது.

அடுத்தது ஒரு கூறு பாலியூரித்தேன். இந்த வகையில் நான் வாங்கியது 300 மில்லி குழாயில் வரும் சிக்காஃப்ளெக்ஸ் 221. பத்மினியின் தரைத் தகட்டுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான பொருளை நான் இதுவரை கையாளவில்லை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். இறுகிய பின்னும் ரப்பர் போல் வளைந்து கொடுக்கும். கரடுமுரடான சாலையில் பாடி முறுக்கும் இடங்களுக்கு இந்தக் குணம்தான் வேண்டும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை இழையாக இட்டால் ஒரு குழாய் ஏறத்தாழ பத்தரை மீட்டர் வரும் என்பது என் கணக்கு. தரை முழுவதற்கும் உள்ளும் புறமுமாக மூன்று குழாய்கள் தீர்ந்தன.

பாலியூரித்தேனில் பொறுமை வேண்டும். 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பி, தடித்த மூலைகளின் மேல் அடுத்த வேலையைத் தொடங்கக் கூடாது. மேலே அடிக்கும் பெயிண்டிலும் எச்சரிக்கை தேவை. இரு கூறு அக்ரிலிக் பெயிண்ட்டை முன்கூட்டிச் சோதித்துப் பார்த்து அடிக்கலாம். ஆனால் காற்றின் ஆக்சிஜனால் உலரும் சாதாரண சிந்தெடிக் எனாமல் இதன் மேல் நெடுநாள் பிசுபிசுப்பாகவே நின்றுவிடக்கூடும். அடிப்பாகத்துக்கு எனாமல் போதுமே என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நான் ஒரு துண்டுத் தகட்டில் பிரைமர், சீலர், பெயிண்ட் மூன்றையும் அடித்து இரண்டு வாரம் வைத்துப் பார்த்த பிறகே காரில் கை வைத்தேன்.

மூன்றாவது, எம்எஸ் பாலிமர் என்று அழைக்கப்படும் வகை. இதில் டெரோசன் எம்எஸ் 9320 எனக்குக் கிடைத்தது. ஒரே பொருளை இழையாக இடலாம், பிரஷ்ஷால் பூசலாம், அதற்குரிய கன்னைக் கொண்டு தெளிக்கவும் செய்யலாம் என்பதே இதன் பெரிய வசதி. பழைய கார்களில் தொழிற்சாலைக்காரர்கள் மூட்டுகளைப் பளபளவென்று தேய்த்து மறைக்கவில்லை. பிரஷ் இழுத்த வரிகள் அப்படியே தெரியும். சக்கரக் குடைவிலும் டிக்கியின் உட்பக்கத்திலும் அந்தப் பழைய தோற்றத்தை மீட்டெடுக்க, கெட்டியான பிரஷ்ஷின் மயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டு இதைப் பூசினேன். நாற்பத்தைந்து ஆண்டு பழைய மூட்டுக்கு அருகில் என் புதிய மூட்டை வைத்துப் பார்த்தபோது வேறுபாடு தெரியாதது எனக்கு நிறைந்த மகிழ்ச்சியைத் தந்தது. பாலியூரித்தேனில் உள்ள, மூச்சை உறுத்தும் ஐசோசயனேட் இதில் இல்லாததால் மூச்சுக்கும் அதைவிடப் பாதுகாப்பு. தோல் விரைவாகக் கட்டும் என்பதால் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கோவையின் ஏப்ரல் மாத நண்பகலில் இதைத் தொடங்கினால் பிரஷ் இழுபடத் தொடங்கிவிடும். அதிகாலையே உகந்த நேரம்.

நான்காவதான இரு கூறுச் சீலரைக் கூரையோர மழைநீர்க் காடிக்கு மட்டும் பயன்படுத்தினேன். தானாகவே மட்டமாகப் பரவும் வகை அது. காடியின் அடியில் ஊற்றியதுபோல் படிந்து, கண்ணாடி போன்ற மேற்பரப்பைத் தந்தது. கலந்த வேதிப்பொருளாலேயே இறுகுவதால் காற்றின் ஈரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விலை பாலியூரித்தேனைப்போல் பல மடங்கு. இரட்டைக் குழாய்க்கான தனிக் கன்னும், ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய கலப்பு மூக்கும் வேண்டும். காரைக் கிடைமட்டமாக நிறுத்தாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து சேரும். கூரையைக் கண்ணெதிரே பார்க்கும் இடத்தில் மட்டும் இந்தச் செலவு நியாயமானது.

பூசும் முறையைப் பற்றி ஒரு சில விஷயங்கள். மூட்டின் இரு புறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இழையை இட்டு அழுத்தித் தகட்டின் இடைவெளிக்குள் செலுத்தி, தோல் கட்டுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இழுப்பது வழக்கம்தான் என்றாலும், சோப்பு எஞ்சினால் பெயிண்ட் பிடிப்பு கெடும். இறுகாத பாலியூரித்தேனை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைப்பது அதைவிடத் தவறு, ஏனெனில் ஆல்கஹால் அதன் இறுகலையே தடுத்துவிடும். நான் கையுறை அணிந்த உலர்ந்த விரலையும் பிளாஸ்டிக் கரண்டியையும் மட்டுமே பயன்படுத்தினேன்.

இன்னும் முக்கியமானது, அடைக்கக் கூடாத இடங்கள். கதவின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டின் அடிப்புறம், முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுக் கூண்டு ஆகியவற்றில் தண்ணீர் வடிவதற்கென்றே துளைகள் இருக்கின்றன. ஆர்வத்தில் அவற்றின் மேலும் சீலரை இழுத்துவிட்டால் பாடி ஒரு தொட்டியாகிவிடும். நான் ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறிய மரக்குச்சியைச் செருகி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். மூடிய குழிகளின் உள்ளே சீலருக்கு வேலையில்லை. பெயிண்ட் முடிந்த பிறகு நீண்ட குழலால், துருவைத் தடுக்கும் கேவிட்டி மெழுகை உள்ளே தெளிக்க வேண்டும்.

வாங்கும்போது குழாயின் மேலுள்ள தேதியை அவசியம் பார்க்க வேண்டும். ஒரு கடையில் காலாவதியான குழாயைக் கொடுத்தார்கள். மூக்கை வெட்டியதும் உள்ளே கல்லாகியிருந்தது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு பணம் கொடுப்பதற்கு முன்பே குழாயை விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.

எளிய பட்ஜெட்டில் ஒரே ஒரு வகையை மட்டும் வாங்கக் கூடியவருக்கு, பிரஷ்ஷாலும் பூசக்கூடிய எம்எஸ் பாலிமரையே பரிந்துரைப்பேன். தரையில் பெருமளவு வெல்டிங் செய்தவர் அதோடு பாலியூரித்தேனையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், இருட்டிய பின் காருக்குள் மின்விளக்கை வைத்து வெளியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். பிறகு தோட்டக் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தேன். தரையும் காடியின் உட்புறமும் முழுவதும் உலர்ந்திருந்தன. டிக்கியின் இடது மூலையில் மட்டும், முன்பு சிலிக்கான் இருந்த அதே இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. சீலரை உரித்துப் பார்த்தபோது அது எபாக்சியிலிருந்து எளிதாகக் கழன்று வந்தது. அடியில் பழைய படலம் இன்னும் மிச்சமிருந்திருக்கிறது. அந்த மூலையை வெறும் தகடு வரை இறக்கி, சிலிக்கான் நீக்கும் திரவத்தால் துடைத்து, மறுபடி எபாக்சி பூசியிருக்கிறேன். சீலரை அடுத்த வாரம் போடுகிறேன்.