புதுக்கோட்டைச் சாலையில் அம்மாவோடு ஒரு நாள்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம்தான். டிசம்பர் தோறும் வந்தாலும் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை என்றே லீவு கரைந்துவிடும். இந்த முறை ஒரு நாளையாவது எங்களுக்கென்று ஒதுக்குவோம் என்று அம்மாவையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் கிளம்பினேன்.

முதலில் ஆன்லைனில் பதிவு செய்த கார், முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு ரத்தாகிவிட்டது. காரணமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமிதான் கீரனூரில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். கிலோமீட்டர் கணக்கு, பேட்டா, டோல் எல்லாவற்றையும் போனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் நின்றார். காரில் ஒரு கேன் தண்ணீர், இரண்டு குடை, கூடவே அம்மா கால் வைத்து ஏற ஒரு சின்ன மர முக்காலி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று மாமி சொல்லியிருப்பார் போல. அந்த முக்காலியைப் பார்த்ததுமே இந்த நாள் நன்றாக இருக்கும் என்று தோன்றிவிட்டது.

வெயிலுக்கு முன் நார்த்தாமலை. அம்மா கீழே குளத்தங்கரை நிழலில் தம்பியோடு டீ குடித்துக்கொண்டு இருந்துவிட்டார். நானும் மகளும் மட்டும் பாறைச் சரிவில் ஏறினோம். மேலே விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயில், சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை. மழையில் இடிந்த கோயிலை மல்லன் விடுமன் என்பவர் எடுத்துக் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே பாறையைக் குடைந்த குடைவரைக் கோயிலில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் 12 திருமால் சிற்பங்கள். மகள் தொடாமல் விரலால் எண்ணிச் சரிபார்த்தாள். வழியில் கடை எதுவும் கிடையாது, தண்ணீரை நாமே கொண்டுபோக வேண்டும்.

அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் போனோம். டிக்கெட் ஆளுக்கு 25 ரூபாய், குழந்தைக்கு இல்லை. அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையில் இருந்த காவலரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அம்மா அண்ணாந்து பார்க்கத் தடுமாறியதும், "அந்த முக்காலியைக் கொண்டாங்க தம்பி" என்று அவரே சொல்லி, முன்மண்டபத்தில் உட்கார வைத்தார். அப்புறம் விதானத்து ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். தாமரைக் குளம், இலைகளுக்கு நடுவே மீன்கள், தண்ணீரில் எருமை, யானை, பூப்பறிக்க இறங்கிய ஆட்கள். ஒருவர் தோளில் தாமரைத் தண்டு சாய்ந்திருக்கிறது, அதன் வளைவு இன்னும் அப்படியே இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. கருவறைக்குள் மெல்ல "ம்ம்" என்று ஓசை எழுப்பச் சொன்னார், சுவரெல்லாம் அதிர்ந்தது. மகள் நாலு தடவை செய்தாள். எங்களுக்குப் பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே பொறுமையோடு முதலிலிருந்து தொடங்கினார்.

அதே குன்றின் மேல் இருக்கும் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறும்போது வெயில் சுட்டது. சமணத் துறவிகளுக்காகக் கல்லில் வெட்டி வழவழவென்று தேய்த்த 17 படுக்கைகள். ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. கம்பி வேலிக்கு இப்பால் நின்று அதைப் பார்க்கையில் எனக்குக் கண் கலங்கியது.

ஒரு குறை உண்டு. அன்று பார்த்த இடங்களில் ஒன்றில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? அம்மா வாய் திறக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அது மனசை அறுத்தது. தம்பிதான் பக்கத்துப் பெட்ரோல் பங்குக்கு வண்டியைத் திருப்பினார்.

புதுக்கோட்டையில் வாழையிலைச் சாப்பாடு. பரிமாறிய அக்கா மகளுக்கென்று காரமில்லாத பருப்பும் நெய்யும் தனியாகக் கொண்டுவந்தார்.

திருமயத்துக்கு நாலு மணிக்கு மேல் போனதுதான் சரி, மதியம் நடை சாத்தியிருக்கும். ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளை அர்ச்சகர் தீபத்தால் திருவடியிலிருந்து திருமுகம் வரை நிதானமாகக் காட்டினார். அம்மா கைகூப்பி நின்றார். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையின் உச்சியில் ஒரு பீரங்கி. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்மாய்களும் பனைகளும் காரைக்குடிச் சாலையும் மாலை வெயிலில் பளபளக்கும்.

திரும்பும்போது, கொடும்பாளூர் மூவர் கோயிலையும் விராலிமலை மயில்களையும் பார்க்காமல் விடக்கூடாது என்றார் தம்பி. வீட்டு வாசலில் முக்காலியில் கால் வைத்து இறங்கிய அம்மா, அடுத்த டிசம்பருக்கான தேதியை அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டார்.