டிரம்மரைச் சூழும் அக்ரிலிக் தடுப்பு: ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் இசைக்குழுவுக்காக ஓராண்டுக்கு முன்பு ஐந்து பலகைகள் கொண்ட அக்ரிலிக் தடுப்பு ஒன்றை வாங்கினோம். அதற்குள் அமர்ந்து டிரம்ஸ் வாசிப்பவனும், நிகழ்ச்சி முடிந்ததும் அதைக் கழற்றித் துடைத்து உறையிலிட்டுச் சுமப்பவனும் நானே. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலியைப் பொறுத்தவரை இந்தப் பொருள் சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால், டிரம்மரை மேடையில் எங்கே அமர்த்துவது என்று ஒருமுறையாவது உட்கார்ந்து யோசிக்காத எந்தக் குழுவும் இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒவ்வொரு பலகையும் 2 அடி அகலமும் ஐந்தரை அடி உயரமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. மேலிருந்து கீழ்வரை செல்லும் வளையக்கூடிய பிளாஸ்டிக் கீல்கள் அவற்றை இணைப்பதால், அரைவட்டமாக வளைத்தும் நிறுத்தலாம், நடுப்பலகைகளை நேராக வைத்து ஓரங்களை மட்டும் மடக்கியும் நிறுத்தலாம். ஒரு பலகை 7 கிலோவுக்குச் சற்று மேல் இருப்பதால் முழுத் தடுப்பும் ஏறத்தாழ 36 கிலோ வருகிறது. இருவர் சேர்ந்தால் 10 நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்; தனியாளாகத் தூக்கினால் கீல்கள் முறுக்கிக்கொள்கின்றன. துடைப்பதற்கு மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் ஆல்கஹாலும் அக்ரிலிக்கில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கிவிடும் என்பதால் அவற்றை அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது.

இதை வாங்கும் தேவை பாடகியின் மைக்கிலிருந்து எழுந்தது. எல்லாக் குழுக்களையும் போல நாங்களும் பாடகியை முன்வரிசையின் நடுவிலும், டிரம்ஸை அவருக்கு நேர் பின்னாலும் வைத்திருந்தோம். பாடகியை நோக்கித் திரும்பியிருக்கும் மைக், அவருடைய தோளுக்கு அப்பால் என்னுடைய சிம்பல்கள் எனும் உலோகத் தட்டுகளையும் நோக்கியே திரும்பியிருக்கிறது. அவர் மெல்லப் பாடும் இடங்களில் ஒலிப்பொறியாளர் அவர் குரலை உயர்த்தினால் சிம்பல்களும் கூடவே உயர்ந்தன. குரல் தெளிவாக இல்லை என்ற குறை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் வந்தது. அந்தக் குறை நியாயமானதும்கூட.

தடுப்பு வந்த முதல் நாளே அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அந்தக் கணக்கில், சிம்பலில் நிறைந்திருக்கும் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர் அளவே ஆகும். அதற்கு இந்தப் பலகை ஒரு பெருஞ்சுவர். காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மிலிருந்து எழும் 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 5 மீட்டருக்கும் மேல் என்பதால், அது தடுப்பைச் சுற்றி வளைந்து தன் வழியே போய்விடுகிறது. ஆகவே சிம்பல்களின் சிதறலும் கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்மான ஸ்னேரின் கூர்மையும் மட்டுப்படும். அடித்தாளத்தின் அதிர்வு அப்படியே இருக்கும். டிரம்ஸ் முழுவதையும் அமைதியாக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். குரலைக் காப்பாற்ற வாங்குபவர்கள் ஏமாற மாட்டார்கள்.

உள்ளே அமர்பவருடைய நிலை வேறு. வெளியே போகாத ஒலி எங்கும் மறைந்துவிடுவதில்லை; பலகையில் பட்டு வாசிப்பவரின் முகத்துக்கே திரும்புகிறது. சிம்பல்களுக்கு மேலே தொங்கும் மைக்குகள் நேரடி ஒலியையும் எதிரொலியையும் சிறு கால இடைவெளியில் அடுத்தடுத்துப் பிடிப்பதால், சிம்பலின் ஒலித்தன்மை குழலுக்குள் ஒலிப்பதுபோல் மாறிவிடுகிறது. அதைவிட முக்கியமானது காது. 100 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 15 நிமிடங்களுக்கு மேல் கேட்க வேண்டாம் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. உரத்து வாசிக்கும் டிரம்மரின் காதருகே அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. ஆகவே பலகைகளின் கீழ்ப்பாதியின் உட்புறத்திலும் முதுகுக்குப் பின்னாலும் ஒலியை உறிஞ்சும் பலகைகளை வைத்தே தீர வேண்டும். அவை இந்தத் தொகுப்பில் வருவதில்லை என்பதைப் பெருங்குறையாகவே பதிவு செய்கிறேன். காதடைப்போ காதுக்குள் பொருத்தி இசையைக் கேட்கும் மானிட்டரோ இல்லாமல் இதற்குள் யாரும் அமரக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. நான் எதிர்பாராதது பார்வையாளர்களிடம் ஏற்பட்ட மாற்றம்.

தடுப்பு வந்த பிறகு எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் நான் இருக்க வேண்டிய இடத்தில் விளக்குகளின் பிரதிபலிப்பே இருந்தது. அரங்கின் முன்பக்க விளக்குகள் அக்ரிலிக்கில் பட்டுப் பார்வையாளர்களின் கண்ணுக்கே திரும்பின. பலகைகளைச் சற்றுச் சாய்த்தும் அது முழுவதும் நீங்கவில்லை. ஒரு நிகழ்ச்சி முடிந்தபோது, மற்றவர்களையெல்லாம் பாராட்டிவிட்டு என்னிடம் வந்த ஒருவர், நான் ஒலிப்பதிவுக் கருவிகளை இயக்கிக்கொண்டிருந்தேனா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு மணி நேரம் அவர் கண்டது ஒளிரும் ஒரு பெட்டியை. தாளம் அந்தப் பெட்டியிலிருந்து வருவதாக அவர் மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு கை தட்டப்போவதைக் கண் முன்கூட்டியே பார்க்கும்போதுதான் பார்வையாளர் அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு இல்லாத இடத்தில் தாளம் காதில் விழும், ஆனால் அதை வாசிக்கும் மனிதர் யாருக்கும் தென்படமாட்டார்.

டிரம்மரின் இடம் மாறும்போதெல்லாம் அவர்மீதான பார்வையும் மாறியிருப்பதை இசை வரலாற்றில் காணலாம். பேஸ் டிரம்மை ஒருவரே காலால் இயக்குவதற்கு ஏற்ற நல்ல மிதியை 1909இல் வில்லியம் லுட்விக் உருவாக்கிய பிறகு, முன்பு இருவரோ மூவரோ பகிர்ந்துகொண்ட வேலை அமர்ந்த நிலையில் ஒருவருடையதாயிற்று. கருவிகள் பெருகப் பெருக, அவற்றைத் தாங்கும் இடம் மேடையின் பின்பகுதியில்தான் கிடைத்தது. ஆனால் 1930களில் நியூயார்க்கின் சவாய் நடன அரங்கில் ஜாஸ் டிரம்மர் சிக் வெப் மேடையின் நடுவே உயர்ந்த பீடத்தில் அமர்ந்து, டிரம்ஸிலிருந்தே தம் இசைக்குழுவை வழிநடத்தினார். முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் மிகக் குள்ளமாக இருந்த அவரைத் தலைவராக ஏற்பதில் அங்கு ஆடியவர்கள் எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தபோது, அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ ஸ்டார் மற்ற மூவருக்கும் பின்னால், ஆனால் அவர்களுக்கு மேலே தெரியும்படி உயரமான பீடத்தில் அமர்ந்திருந்தார். ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் அவரை அப்படித்தான் கண்டார்கள். பின்னால் இருப்பது மட்டுமே ஒருவரை மறைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கார்ப்பென்டர்ஸ் குழுவின் கேரன் கார்ப்பென்டரின் கதை எதிர்த்திசையில் செல்வது. டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்து பாடிய அவரைப் பார்வையாளர்களால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்பதால் முன்னே நின்று பாடச் செய்தார்கள், பெரும்பாலான பாடல்களுக்கு டிரம்ஸை வேறொருவர் வாசித்தார். மிகச் சிறந்த டிரம்மரான அவரை இன்றும் பலர் பாடகியாக மட்டுமே அறிந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் ஏற்படுகிறது.

ஜாஸ் குழுக்களில் டிரம்மர் பெரும்பாலும் பார்வையாளர்களின் வலப்புறத்தில், மேடையின் நடுவைப் பார்த்துப் பக்கவாட்டில் அமர்வார். தி பிளாக் கீஸ் என்ற இருவர் குழு தன் தொடக்க ஆண்டுகளில் டிரம்ஸையும் கிட்டாரையும் மேடையின் முன்னோரத்தில் அருகருகே வைத்தது. இவற்றை எண்ணிப் பார்த்து, ஏழாவது மாதத்தில் தடுப்பை உறையிலேயே வைத்துவிட்டு, டிரம்ஸை வலப்புறத்துக்கு முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் திருப்பினோம். வலக்கைப் பழக்கமுள்ள டிரம்மர் அப்படி அமரும்போது காலால் இயக்கும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட் இருக்கும் இடப்பக்கம் பார்வையாளர்களை நோக்கித் திறந்திருக்கும். நேர்முகமாக அமர்ந்தால் டாம்கள் எனும் மற்ற டிரம்களும் சிம்பல்களும் மறைத்துவிடுகிற ஸ்னேர், அதன்மேல் இடக்கை போடும் மிக மெல்லிய தட்டுகள், மிதிகளின்மேல் இரண்டு பாதங்கள் என எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அன்று ஒரு மெதுவான பாடலின் நடுவே நான் கையை உயர்த்தி அரைத் தாளச்சுற்று நேரம் அப்படியே நிறுத்தியபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

குரலும் கெடவில்லை என்பதுதான் பெரிய செய்தி. பாடகர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக், நேர் எதிரே வருவதைவிடப் பக்கவாட்டில் 90 பாகையிலிருந்து வரும் ஒலியை 6 டெசிபெல் குறைவாகவே பிடிக்கும். டிரம்ஸை நேர் பின்னாலிருந்து பக்கத்துக்கு நகர்த்தியதே அந்தத் தடுப்பின் வேலையில் ஒரு பகுதியைச் செலவின்றிச் செய்துவிட்டது. முழு வேலையையும் செய்தது என்று சொல்ல மாட்டேன்; சிம்பல்களை ஓங்கி அடிக்கும் பாடல்களில் பாடகியின் மைக்கில் அவற்றின் ஒலிக்கசிவு மீண்டும் தலைகாட்டியது, வலப்பக்க முன்வரிசைக்கு ஒலி சற்று மிகுதியாகவும் இருந்தது. சிம்பல்களை மெல்லியவையாக மாற்றியதும் முன்வரிசையின் சிரமம் தணிந்தது.

கசிவுக்குத்தான் தடுப்பு மீண்டும் உதவியது. ஐந்து பலகைகளில் இரண்டை மட்டும் பிரித்தெடுத்து, டிரம்ஸுக்கும் பாடகிக்கும் நடுவே நிறுத்தினோம். பார்வையாளர்கள் இருக்கும் பக்கம் முழுவதும் திறந்திருப்பதால், அவர்களுக்குப் பலகையின் மெல்லிய விளிம்பு மட்டுமே தெரிகிறது. முன்விளக்குகளும் அதில் பட்டுத் திரும்புவதில்லை. ஒலி உள்ளே அடைபடாமல் ஒரு பக்கமாக வெளியேறிவிடுவதால் என் காதுகளுக்கும் பாரம் குறைந்திருக்கிறது, பாடகியின் கண்களைப் பலகையினூடே பார்த்துப் பாடலைத் தொடங்கவும் முடிகிறது.

மேடை மிகக் குறுகியதாக இருந்து, டிரம்ஸை நகர்த்த வழியே இல்லாதவர்கள் ஐந்து பலகைகளையும் வாங்கலாம். ஒலியுறிஞ்சும் பலகைகளையும் கூடவே வாங்கிக்கொள்ள வேண்டும், விளக்குகளை அமைப்பவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இடம் இருப்பவர்களுக்கு இரண்டு பலகைகளே போதும். ஆனால் நாங்கள் வாங்கிய இடத்தில் ஐந்தாக மட்டுமே விற்கிறார்கள். இரண்டு பலகைகளைத் தனித்தொகுப்பாகவும் தந்தால் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எங்களுடைய மீதி மூன்று பலகைகள் இப்போது பயிற்சி அறையில் கிட்டார் ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கின்றன.