ஓட்டப்பாதைக் கல்வி: பெய்ஜிங் முறையும் டோக்கியோ முறையும்

அக்குபங்சர் படிக்கத் தொடங்குபவர் முதலில் மனப்பாடம் செய்வது புள்ளிகளைத்தான். உலக சுகாதார நிறுவனம் தரப்படுத்திய 361 புள்ளிகளின் எண்களும் இருப்பிடங்களும் நினைவில் பதிந்த பிறகும், அவற்றை இணைப்பதாக, உயிராற்றல் ஓடும் வழியாகச் சொல்லப்படும் ஓட்டப்பாதை அவருக்குச் சுவரில் தொங்கும் படத்தின் வண்ணக் கோடாகவே இருந்துவிடுகிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களில் சீன அரசு பாரம்பரிய மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியதை ஒட்டி உருவான பொதுப் பாடத்திட்டம், மூலிகை மருத்துவத்துக்கு ஏற்ற உள்ளுறுப்பு அடிப்படையிலான நோய்க்கணிப்பை முன்னிறுத்தியதால், ஓட்டப்பாதைக் கோட்பாடு பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதைக் கைப்பழக்கத்தோடு சேர்த்துக் கற்க விரும்புவோர், கல்லூரிக்கு வெளியே, ஒருவர் கையை ஒருவர் திருத்தும் சிகிச்சையாளர் குழுக்களை நாடுகிறார்கள். அவற்றுள் பெய்ஜிங்கைச் சேர்ந்த வாங் ஜூயியின் மரபும், டோக்கியோவில் தோன்றிய டோயோஹாரி மரபும் ஒப்பிடத்தக்கவை.

வாங் ஜூயி (1937–2017) பெய்ஜிங் கல்லூரியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர். அதாவது, மேலே சொன்ன பாடத்திட்டத்தின் தொடக்க காலத்திலேயே படித்து வெளிவந்தவர். பழைய நூல்களில் ஓட்டப்பாதைகளைத் தொட்டு அறிவது பற்றி வரும் குறிப்புகளைத் தம் சிகிச்சை அனுபவத்தோடு பொருத்திப் பார்த்து, முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே பாதை நெடுகக் கட்டைவிரலை நகர்த்திச் சோதிக்கும் முறையை அவர் வகுத்தார். விரலுக்குத் தட்டுப்படும் சிறு முடிச்சு, மணல்போன்ற நெறுநெறுப்பு, இறுக்கம், தளர்வு, வலி ஆகிய ஒவ்வொன்றும் எந்தப் பாதை பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான தடயமாகிறது. இந்த மரபின் பெரிய பலம், தடயத்தோடு காரணத்தையும் சேர்த்துக் கற்பிப்பதுதான். நுரையீரலும் மண்ணீரலும் ஏன் டாய்-யின் என்ற ஒரே இணையாக இயங்குகின்றன, யின் எனப்படும் உட்புறப் பாதைகளின் மூன்று இணைகளில் டாய்-யின் திறப்பாகவும் ஜுயே-யின் மூடலாகவும் ஷாவோ-யின் அச்சாகவும் ஏன் சொல்லப்படுகின்றன என்பவற்றை உடல் இயக்கத்தின் மொழியில் அவர் விளக்கினார். நீண்ட நாள் இருமலோடு வருபவரின் முன்கையில் நுரையீரல் பாதையில் மாற்றம் தென்பட்டால், அந்த மாற்றம், அதன் விளக்கம், தேர்ந்தெடுக்கும் புள்ளி ஆகிய மூன்றையும் ஒரே இழையில் மாணவரால் தொடர முடிகிறது.

டோயோஹாரியின் பிறப்பு வேறு வகையானது. ஜப்பானில் பதினேழாம் நூற்றாண்டின் சுகியாமா வாயிச்சி காலத்திலிருந்தே பார்வையற்றவர்கள் ஊசி மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். அந்த வழியில் வந்தவரும், போரில் பார்வையை இழந்தவருமான ஃபுகுஷிமா கோடோ 1959-இல் டோயோஹாரி சங்கத்தை நிறுவினார். படமும் பாடநூலும் உதவாத இடத்தில் விரல் மட்டுமே ஆசான் என்பதால், இங்கே கற்பிக்கும் முறையே குழுவைச் சுற்றி அமைந்தது. கோசாட்டோ முறை எனப்படும் பயிற்சியில் ஒருவர் நோயாளியாகப் படுத்திருப்பார். ஒருவர் புள்ளியைத் தேடித் தொடுவார். மற்றவர்கள் அதே நேரத்தில் நாடியையும் வயிற்றையும் கவனித்து, நாடி தெளிந்ததா, கலங்கியதா என்று உடனுக்குடன் சொல்வார்கள். ஊசியைப் பெரும்பாலும் தோலுக்குள் செலுத்தாமல் மேலே தொட்டு நிறுத்துவதால், ஒரே அமர்வில் பலரும் மாறி மாறிப் பழக முடிகிறது. கோட்பாடு வேண்டுமென்றே சுருக்கப்பட்டிருக்கிறது: நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் என நான்கு அடிப்படைக் குறைபாட்டு வடிவங்கள்; குறைவு கண்டால் தாயை, அதாவது ஐந்து மூலகச் சுழற்சியில் அதற்கு முந்தையதை, வலுப்படுத்து என்ற, பழஞ்சீன மருத்துவ நூலான நான்ஜிங்கின் 69-ஆம் பகுதியின் விதி. நுரையீரல் குறைபாடு என்றால் நுரையீரல் பாதையின் 9-ஆம் புள்ளியும் (எல்.யூ. 9), அதன் தாயான மண்ணீரல் பாதையின் 3-ஆம் புள்ளியும் (எஸ்.பி. 3) முதலில் வரும். இதைக் கற்க ஒரு மாலை போதும். கையில் வர ஆண்டுகள் ஆகும்.

இரண்டு மரபுகளும் தொடுதலை நம்பினாலும், திருத்தம் நிகழும் விதத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. வாங் மரபில் மாணவர் உணர்ந்த முடிச்சை ஆசிரியரும் அதே இடத்தில் தொட்டுச் சரிபார்க்கலாம். அது இரண்டு நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்கும். டோயோஹாரியில் சரிபார்க்கப்படுவது நாடியின் கணநேர மாற்றம். திருத்தம் மிக விரைவாகக் கிடைக்கிறது. ஆனால் மூத்தவர் ஒருவர் ‘தெளிந்துவிட்டது’ என்று சொன்ன மறுகணம் மற்ற விரல்களும் அதையே உணரத் தொடங்கும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அன்பான குழுவில் இந்த ஆபத்து கூடுதல் என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே முரண்படுவது மரியாதைக் குறைவாகத் தோன்றிவிடுகிறது. ஒவ்வொருவரும் தம் கணிப்பைத் தனியே எழுதிவைத்த பிறகு வாய்விட்டுச் சொல்வது என்ற எளிய ஒழுங்கை எந்தக் குழுவும் கடைப்பிடிக்கலாம்.

குழுவினரின் கைகள் ஒத்துப்போவதை ஓட்டப்பாதை உண்மை என்பதற்கான சான்றாகக் கொள்ளவும் கூடாது. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, நாள்பட்ட வலியில் அக்குபங்சர் போலி ஊசியைவிட மேலான பலன் தருவதாகவே கண்டது. ஆனால் அந்த வேறுபாடு, சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிடும்போது தெரிந்த வேறுபாட்டைவிடச் சிறியது. பாதைகள் உடற்கூற்றில் இருப்பதாக இரண்டு மரபுகளாலும் நிறுவ முடிந்ததில்லை. இதை மறைக்காமல் பேசும் குழுவில் கற்பது, நோயாளிக்கு வாக்களிப்பதில் அளவு காக்கவாவது உதவும்.

தமிழ்நாட்டில் பரவியிருக்கும் ஒற்றைப் புள்ளித் தொடு சிகிச்சையைப் பயின்றவர்களுக்கு டோயோஹாரி அதிக அந்நியமாகத் தோன்றாது. நாடி பார்ப்பது, ஐந்து மூலகங்களின் தாய்–சேய் உறவு, தோலைத் துளைக்காத மென்மை ஆகியவை அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. ஆயினும், அந்தக் காரணத்துக்காகவே அவர்கள் வாங் மரபைத் தேர்வது நல்லது என்பேன். நாடியை மட்டும் நம்பிப் பழகிய கைக்கு, கைகால் நெடுகப் பாதையைத் தடவிப் பார்க்கும் பயிற்சி இரண்டாவது சாட்சியைத் தருகிறது; இந்தப் புள்ளி ஏன் என்ற கேள்விக்கு விதியைத் தாண்டிய விளக்கமும் கிடைக்கிறது. கல்லூரிப் பாடத்தில் கோட்பாட்டை நிரம்பப் படித்தும் தொடத் தயங்குபவருக்கு டோயோஹாரி குழுவே மேல், ஏனெனில் அங்கே முதல் நாளிலேயே அவருடைய விரல் வேலை செய்தாக வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், சேரும் முன் ஒரு பயிற்சி அமர்வில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது, மூத்தவரின் கணிப்போடு இளையவர் ஒருவர் ஒத்துப்போகாதபோது அவரிடம் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்களா, அல்லது பேச்சு அடுத்த நோயாளிக்குத் தாவிவிடுகிறதா என்பதைத்தான்.