ஒரே பூச்சாடி, பத்து ஞாயிறு: கோவையில் ஓர் ஆயில் பெயிண்டிங் வகுப்பு

ஆர்.எஸ்.புரத்தில் ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம் நடக்கும் வகுப்பு. பத்து வாரமும் ஒரே வேலைதான்: டச்சு ஓவியர் ராஹெல் ரெய்ஸ் (1664–1750) வரைந்த பூச்சாடி ஒன்றைப் பார்த்து வரைவது. சனி, ஞாயிறில் முடித்துக் கையில் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்களைவிட இது எவ்வளவோ மேல். ஆயில் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத்தான் இறுகும். அடிப்பூச்சு இறுகாமல் மேலே தீட்டினால் எல்லாம் சேறாகிவிடும்.

முதல் வாரம் பன்னிரண்டுக்குப் பதினாறு இஞ்ச் கேன்வாஸில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துத் தேய்த்து, கட்டம் போட்டு வரைகிறார்கள். அடுத்த இரண்டு வாரம் அம்பரும் வெள்ளையும் மட்டும், நிறமே கிடையாது. இங்கேதான் பலர் சலித்து நின்றுவிடுகிறார்கள். ஆனால் பூவின் உருண்டை வடிவம் இந்த அடுக்கில் வராவிட்டால், பிறகு எத்தனை சிவப்பு போட்டாலும் வராது.

நிறம் தொடங்கியதும் பின்னாலிருக்கும் இலைகள் முதலில், வெளிச்சம் விழும் நடுப்பூ கடைசியில். ரோஜாவை வெளிர் சிவப்பில் முடித்துக் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயில் இளக்கிய அலிசரின் என்ற அடர்சிவப்பை நிழல்மேல் கண்ணாடிபோல் பூசச் சொல்கிறார் ஆசிரியர். அதில் துளி வெள்ளை கலந்தாலும் நிழல் சாம்பல் பூத்துவிடும். பனித்துளிக்கு மட்டும் ஒரு வகுப்பு முழுக்கப் போகிறது, தகும்: துளியில் வெளிச்சம் வரும் பக்கம் இருட்டாகவும் எதிர்ப்பக்கம் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும், இருட்டின்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. "எல்லா ஓரத்தையும் கூராக்காதீங்க, நடுப்பூ மட்டும் போதுமுங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டாலே பாதி ஓவியம் தேறிவிடும்.

குறைகளும் உண்டு. கொடுக்கும் ஏ3 பிரின்டில் நிழல் பகுதி ஒரே கறுப்பு. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் தன் ஓவியங்களின் பெரிய படங்களை இலவசமாகவே தருகிறது. டேப்லெட்டில் இறக்கிக் கொண்டுபோங்கள். அக்காலத்துப் பூ ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலம் பாய்ந்திருக்கும். மேலே பூசிய மஞ்சள் நாளடைவில் வெளிறியதால் வந்தது அது. வகுப்பில் அந்த நீலத்தையே காப்பி எடுக்க விடுகிறார்கள். மெல்லிய மஞ்சள் பூச்சு ஒன்று கொடுத்தால் இலை பச்சைக்குத் திரும்பும்.

பின்னணிக்கு ஐவரி பிளாக் சொல்கிறார்கள். அது காய வெகு நாளாகும், அடுத்த ஞாயிறும் கையில் ஒட்டும். அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் அதே இருட்டு, சீக்கிரம் உலரும். காடாத் துணிக்குப் பேர்போன சீமையில் மெல்லிய ரெடிமேட் கேன்வாஸை விற்பது தனி வேடிக்கை. அது எண்ணெயைக் குடித்து ஆங்காங்கே மங்கிப்போகிறது. வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவை இன்னொரு கோட் அடித்து, 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு எடுத்துப்போங்கள்.

வண்ணமும் தூரிகையும் கட்டணத்தில் அடங்காது. ஏ.சி. அறையில் ஜன்னல் திறப்பதில்லை, டர்பன்டைன் நெடி ஏறுகிறது. எண்ணெய்த் துணிகளைக் கூடையில் குவிக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், தண்ணீரில்தான் போட வேண்டும். பத்தாம் வாரம் வார்னிஷ் அடித்துத் தர முன்வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குறைந்தது ஆறு மாதமாவது காயட்டும்.